கொழுந்துத் தராசில் தொங்கிய வால்வு ஸ்பிரிங்

அக்கா வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் கொழுந்துத் தராசு தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. பெண்கள் மலையிலிருந்து இறக்கிவரும் தேயிலைக் கொழுந்து மூட்டைகளை நிறுக்கும் அதே வட்ட முகத் தராசுதான். ஆனால் கொக்கியில் மூட்டை இல்லை. நான் லேத்தில் கடைந்து கொண்டுவந்த இரும்புச் சட்டமும், அதற்குள் கார் என்ஜினின் வால்வு ஸ்பிரிங் ஒன்றும் இருக்கின்றன. நான் கீழே குந்தியிருந்து ஒரு கம்பால் நெம்புகிறேன். ஸ்பிரிங் சுருங்கச் சுருங்கத் தராசில் பாரம் ஏறுகிறது. மச்சான் மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கி நின்று முள்ளைப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் அக்கா கொடியில் துணி காயப்போடுகிறாள். பந்தயக் கார் என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்குப் பெற்றோல் வாசனையோ டயர் சத்தமோ நினைவுக்கு வருவதில்லை, இந்தக் காட்சிதான் வருகிறது.

அரநாயக்கவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மச்சான் கணக்கப்பிள்ளையாக இருந்தார். எங்கள் பக்கத்தில் சிங்களப் பையன்கள்கூடக் கண்டவரையெல்லாம் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். கராஜ்களிலும் பஸ் ஸ்டாண்டிலும் அவர் ஊருக்கே மச்சான். அக்காவைக் கட்டியவர் என்ற முறையில் எனக்கு மட்டும்தான் அவர் சொந்த மச்சான். இதை நான் அந்தப் பையன்களிடம் சொல்லி வம்புக்கு இழுப்பேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, சாதாரண தரம் வரை படித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடிக்கும் வேலைக்கு வந்தவர் அவர். ஆனால் மனசெல்லாம் என்ஜினில் இருந்தது. தோட்டத்து லொறி படுத்தால் மெக்கானிக்குக்கு முன்பு இவரைத்தான் தேடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு முற்றத்தில் யாராவது ஒருவருடைய ஆட்டோவின் குடல் வெளியே கிடக்கும். அக்கா அதைத் தாண்டித் தாண்டித்தான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

நான் அப்போது கேகாலையில் ஒரு லேத் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடையும் லேத்தும் இரும்புத் தூளும்தான் என் உலகம். அதனால் மச்சானுக்கு என்னைப் பிடிக்கும். மற்ற மச்சினன்மாரிடம் குடும்பக் கதை பேசுவார். என்னிடம் பேசுவது நூலளவு இடைவெளிகளைப் பற்றித்தான்.

கொழுந்து மடுவத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மூட்டை கொக்கியில் ஏறும், முள் ஒரு இடத்தில் வந்து நிற்கும், கணக்கப்பிள்ளை உரக்க ஒரு எண்ணைச் சொல்வார். முள் காட்டுவதும் அவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது. சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று கழிவு உண்டு. சின்ன மூட்டைக்குக் கொஞ்சம், பாரம் கூடக்கூடக் கழிவும் கூடும். வெயில் கொளுத்தும் நாளில் எங்கிருந்து ஈரம் வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. மேலே இருந்து வந்த வழக்கம், மச்சானுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். பெண்கள் மூட்டையை மாட்டுவார்கள், எண்ணைக் கேட்பார்கள், கழற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தராசு முன்னால் பேச்சுக் கிடையாது.

அந்த வரிசையில் என் அக்காவும் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. கணக்கப்பிள்ளை பெண்சாதிக்குக் கழிவு இருக்காது என்று லயத்தில் பேச்சு கிளம்பிவிடக் கூடாது என்று மச்சானுக்குப் பயம். அதனால் அக்காவின் மூட்டைக்கு மற்றவர்களைவிட ஒரு கிலோ கூடவே கழித்துச் சொல்வார். இதை அவரே என்னிடம் ஏதோ பெரிய நியாயஸ்தன் மாதிரி சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதாக நான் அறியேன். ஆனால் மச்சானுக்கும் அது உறுத்தியது. "தராசப் புடிச்ச கையோட வீட்டுக்கு வந்தா சோறு எறங்குதில்ல மாப்புள" என்று ஒரு நாள் சொன்னார். அந்த மடுவத்திலிருந்து எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசையாக இருந்தது.

அதற்கு ஒரு வழி தானாகவே மலையேறி வந்தது. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்க வியாபாரி ஒருவர், மலையேற்றப் பந்தயங்களுக்குக் கார் அனுப்புகிறவர், எங்கள் தோட்டப் பாதையில் கார் நின்றுபோய்த் தவித்தபோது மச்சான் கைவைத்து ஓடவிட்டார். அன்றிலிருந்து அவரை நாங்கள் சிங்களத்தில் ஐயா என்பதுபோல் மஹத்தயா என்போம், அவர் மச்சானை மச்சான் என்பார். கேகாலையில் ஒரு பந்தயக் கராஜ் திறக்கப்போவதாகவும், அதற்கு என்ஜின் தெரிந்த ஆள் வேண்டும் என்றும் சொன்னார். அவருடைய பழைய ஜப்பான் காரின் என்ஜினைப் பிரித்து மச்சான் புதிதாகக் கட்டித்தர வேண்டும். எங்கள் தோட்டப் பாதையிலேயே நடக்கும் பந்தயத்தில் அது குறையில்லாமல் மேலே போய்ச் சேர்ந்தால் கராஜ் மச்சான் பொறுப்பு. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காதான், "மொதல்ல அது மேல ஏறட்டும்" என்றாள்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். என்ஜின் மூச்சு வாங்குவதும் விடுவதும் வால்வுகள் வழியாக. கேம் என்ற தண்டு சுழன்று, டெப்பட்டைத் தூக்கி, அதன் மூலம் வால்வைத் திறக்கும். திறந்த வால்வை மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. பெட்டிகளில் லிஃப்டர் என்று எழுதியிருந்தாலும் எங்கள் கராஜ்களில் அது டெப்பட்தான். சாதாரணமாக ஓடும் காருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பந்தயத்தில் என்ஜினை விரட்டும்போது மெலிந்த ஸ்பிரிங் கேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது, வால்வு மூடாமல் மிதக்கும், சக்தி போய்விடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடினமான ஸ்பிரிங்கைப் போட்டாலும் வம்பு. அது டெப்பட்டைக் கேமின் மேல் போட்டு அழுத்தும், இரண்டும் தேய்ந்து நாசமாகும். கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. தளரப் பிடித்தால் பிள்ளை நழுவிவிடும், இறுக்கிப் பிடித்தால் கை கன்றிவிடும்.

டெப்பட்டைத் தேர்ந்தெடுக்க மச்சானுக்கு நேரம் எடுக்கவில்லை. எண்ணெயின் அழுத்தத்தில் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொண்டு சத்தமில்லாமல் ஓடுகிற வகை ஒன்று இருக்கிறது. முழு இரும்பாக, அவ்வப்போது நாமே சரிசெய்யவேண்டிய, டிக் டிக் என்று அடிக்கிற வகை இன்னொன்று. மஹத்தயாவுக்குச் சத்தமில்லாததில்தான் ஆசை. மச்சான் அசையவில்லை. "சத்தம் போடாத டெப்பட்ட நம்பக் கூடாதுங்க. அதுக்கு என்ன கொறன்னு அது சொல்லாது" என்றார். விரட்டி ஓட்டும்போது எண்ணெய் வகை வீங்கிக்கொண்டு வால்வை முழுதாக மூடவிடாது என்று போனில் வீடியோவும் காட்டினார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அவரிடம் வரும் பந்தய என்ஜின்களுக்கு அந்த வகையைத்தான் போடுகிறார்.

ஸ்பிரிங்கில்தான் குழப்பம். கேமைப் புதிதாக அரைத்துத் தந்தவர் கேகாலையில் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர். வெற்றிலை வாயோடு கேமைத் துணியில் சுற்றிக் கையில் கொடுக்கும்போதே எச்சரித்தார். "வால்வு முழுசாத் தொறந்து நிக்கக்குள்ள அம்பத்தஞ்சு கிலோவுக்கு மேல போக வாணாம் தம்பி. போனா கேமும் டெப்பட்டும் ஒண்டையொண்டு தின்னும்." எங்கள் கையில் இரண்டு செட் ஸ்பிரிங் இருந்தன. ஒன்று மெலிசு, ஒன்று கடினம். எது எத்தனை கிலோ என்று பார்க்க அதற்கென்று ஒரு கருவி உண்டு. அது கொழும்பில் இருந்தது. மச்சான் யோசித்துவிட்டு, "நம்மகிட்டத்தான் தராசு இருக்கே" என்றார். சொன்னபடி அந்த வாரம் ஒரு தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் சட்டத்தைக் கடைந்தேன். வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு உயரம் இருக்குமோ அந்த அளவுக்கு ஒரு குழாய்த் துண்டும் வெட்டினேன்.

அன்று காலை நடந்தது இதுதான். நான் நெம்பி, ஸ்பிரிங் குழாய்த் துண்டின் உயரத்துக்கு இறங்கியதும் "சரி" என்பேன். மச்சான் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வார். தரையில் குந்தியிருந்த எனக்குத் தராசின் முகம் தெரியாது. மெலிந்த செட்டில் ஒன்றை மாட்டினோம். "நாப்பத்தெட்டு." கடின செட்டில் ஒன்றை மாட்டினோம். "அம்பத்தஞ்சு." மச்சான் துள்ளிக் குதிக்காத குறை. நானா சொன்ன எல்லையில் அச்சுப் பிசகாமல் நிற்கிறது என்றால் அது எங்களுக்காகவே செய்தது அல்லவா! மிச்சத்தையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். எல்லாம் ஏறக்குறைய அம்பத்தஞ்சு. மெலிந்த செட்டை ஒரு டின்னில் போட்டு அடுப்படிப் பக்கம் தள்ளிவைத்தோம். அக்கா துணி காயப்போட்டு முடித்துவிட்டு, வெறும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பந்தயத்தன்று தோட்டமே பாதையோரத்தில் இருந்தது. தீபாவளிக்கு எடுத்த சேலைகளைக் கட்டிக்கொண்டு பெண்கள் தேயிலைச் செடிகளுக்கு இடையில் மேட்டில் நின்றார்கள். கோயில் வளைவில்தான் கூட்டம் அதிகம். மஹத்தயாவின் கார் ஒத்திகை ஓட்டத்தில் கீழிருந்து கிளம்பி எங்களைக் கடந்து மேலே போனபோது எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. மச்சானின் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா மாப்புள" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் நம்பிவிட்டேன். மனசுக்குள் அவருக்குக் கேகாலையில் வீடே பார்த்துவிட்டேன்.

நேரம் குறித்து ஓடும் ஓட்டத்தில் கார் கோயில் வளைவுக்கு வரும்போதே சத்தம் மாறியிருந்தது. டிக் டிக் என்பது டக் டக் என்றாகி, காபரேட்டர் வழியாகத் தும்மி, என்ஜின் நொண்டத் தொடங்கியது. வளைவைத் தாண்டி இருமல்காரனைப்போல் இழுத்துக்கொண்டு போனது. அதற்கு மேல் ஏறவில்லை. ஓட்டியவர் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். அந்தச் சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. பிறகு தோட்டத்துப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்து தேயிலை பக்டரி முற்றத்தில் விட்டார்கள்.

பிரித்துப் பார்த்தோம். எண்ணெயில் ஜிகினா கொட்டியதுபோல் இரும்புத் தூள் மின்னியது. டெப்பட்டுகளின் அடிப்பாகம் கிண்ணம்போல் குழிந்திருந்தது. டெப்பட்டைத் தூக்கும் கேமின் மூக்குகளில் இரண்டு இருந்த இடமே தெரியவில்லை. மஹத்தயா நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. ஒரு டெப்பட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கின் கடுமை கூடிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். இல்லை, அளந்துதான் போட்டேன் என்றார் மச்சான். "ஹரி மச்சான், பஸ்ஸே பலமு" என்று தோளில் தட்டிவிட்டு மஹத்தயா ஜீப்பில் ஏறினார். பிறகு பார்ப்போம் என்பதற்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் செய்த முதல் வேலை, என்ஜினிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் ஒன்றோடு தராசை மறுபடியும் பலாமரத்தில் மாட்டியதுதான். இன்னும் பொழுது சாயவில்லை. நானா அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டார், கேமில் இரும்பு சரியில்லை, நான் வெட்டிய குழாய்த் துண்டு பிழை என்று எல்லோர் மேலும் பழிபோட்டுக்கொண்டே மாட்டினார். எனக்கும் கோபம் வந்தது. என் அளவைக் குறைசொன்னால் எந்த லேத்காரனுக்கும் கோபம் வரும். குந்தியிருந்து நெம்பினேன். "சரி" என்றேன்.

"அம்பத்தஞ்சு" என்றார் மச்சான். "பாத்துக்க. அதே அம்பத்தஞ்சு. நான் எங்க தப்பு விட்டேன்?"

அக்கா பின்வாசற்படியில் நின்றிருந்தாள். பந்தயம் பார்க்கக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை.

"முள்ளு அறுவதுல நிக்குதுங்க" என்றாள்.

மச்சான் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார். நான் கம்பைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டே எழுந்து எட்டிப் பார்த்தேன். அறுபது. சந்தேகத்துக்கே இடமில்லை.

"அன்னைக்கும் அறுவதுதான்" என்றாள் அக்கா. "அந்த மத்தது அம்பத்திரண்டுலதான் நின்னுச்சு."

அன்று மெலிசு என்று டின்னில் போட்டு ஒதுக்கியதுதான் நானா சொன்ன எல்லைக்குள் கச்சிதமாக இருந்திருக்கிறது. மச்சான் பொய் சொல்லவில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். முள்ளைக் கண்டதும் பாரத்துக்கேற்பக் கழித்துச் சொல்வது அவருக்கு மூச்சு விடுவதுபோல் ஆகியிருந்தது. அந்தத் தராசுக்கு முன்னால் நின்றபோது, தொங்குவது கொழுந்தா இரும்பா என்று கண் பார்ப்பதற்குள் வாய் கழித்துவிட்டது.

"அப்ப அன்னைக்கே ஏன் புள்ள சொல்லல?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. ஆனால் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தராசு முன்னாடி நின்னு நாங்க என்னைக்குங்க பேசியிருக்கோம்? முள்ளு ஒண்ணு காட்டும், நீங்க ஒண்ணு சொல்லுவீங்க. இதுக்கும் கழிவு உண்டு போலன்னு நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் போட்டுக் கொன்றது. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் தன்னுடைய கொழுந்தில் ஒரு கிலோ கூடுதலாகக் கழித்த மனிதருக்கு முன்னால், அந்த எண்ணை எதிர்த்துப் பேசலாம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. கம்பிலிருந்து நான் காலை எடுத்தேன். ஸ்பிரிங் நிமிர்ந்து, முள் சுழன்று வந்து பூஜ்யத்தில் நின்றது. மச்சான் பலாமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம், அக்காவுக்கும் சொல்லியிருக்கலாம். கேகாலைக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த நாள் மடுவத்தில் நடந்ததை அக்காதான் போனில் சொன்னாள். வழக்கம்போல் வரிசை. அவளுடைய மூட்டையைக் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். மச்சான் முள்ளைப் பார்த்திருக்கிறார், வாயைத் திறந்திருக்கிறார், மூடியிருக்கிறார். மறுபடியும் முள்ளைப் பார்த்துவிட்டு, முள் காட்டியதை அப்படியே சொல்லியிருக்கிறார். "இருவத்திரண்டுன்னாருடா தம்பி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள் அக்கா. பின்னால் நின்றவர்கள் அவளை முறைத்திருக்கிறார்கள். பெண்சாதி என்பதால்தான் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த பெண்ணின் மூட்டைக்கும் முள் காட்டியதையே சொன்னார். அந்தப் பெண் மூட்டையைக் கழற்றவில்லை. அவள் முதல் தடவையாகக் கழுத்தை நீட்டித் தராசின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். தராசு கெட்டுப்போய்விட்டதா என்று கணக்கப்பிள்ளை ஐயாவிடமே கேட்டும்விட்டாள்.

சாக்கும் ஈரமும் கழித்துப் பக்டரியில் எழுதிய நிறையைவிட மடுவத்து நிறை கூடிவிட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கூப்பிட்டு விசாரித்தபோது, "முள்ளு காட்டுனதச் சொன்னேங்க" என்று மட்டும் மச்சான் சொன்னார். அந்த மாதமே அவரைத் தராசிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டும் வேலையை மேற்பார்க்க அனுப்பினார்கள். தராசு வேறொருவர் கைக்குப் போனது, கழிவும் திரும்பி வந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மச்சான் வேலையை விட்டார். மஹத்தயாவின் கராஜ் கிடைக்கவில்லை, கணக்கப்பிள்ளை வேலையும் போனது. எதற்கு இந்த வீம்பு என்று எங்கள் குடும்பத்தில் கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன். அக்கா மட்டும் கேட்கவில்லை. மாவனெல்லையில் ஒரு கராஜில் சாதாரணக் கைவேலைக்குச் சேர்ந்து, டயர் கழற்றி, எண்ணெய் மாற்றி, பல வருஷம் கழித்துத்தான் கேகாலை வீதியில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டார்.

இப்போது தோட்டத்தில் வட்ட முகத் தராசு கிடையாது. மின்சாரத் தராசு வந்துவிட்டது, எண் தானாகவே சீட்டில் அச்சாகி வருகிறது. கழிவு போய்விட்டதா என்று அங்கே இன்னும் மலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். அது இப்போது தராசுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று சிரித்தாள். உரக்கச் சொல்ல ஒரு வாய் தேவையில்லை, அதனால் எந்த வாய்க்கும் உறுத்தலும் இல்லை.

மச்சானின் கொட்டகைக்குக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பந்தயக்காரப் பையன்கள் வருகிறார்கள். ஸ்பிரிங் அளக்க முறையான கருவி வாங்கி வைத்திருக்கிறார். பாரம் ஏற்றுவது அவர்தான், உயரம் பார்ப்பது அவர்தான். முள்ளை மட்டும் அவர் வாசிக்கமாட்டார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கூப்பிடுவார். அக்கா பின்னால் சமையல்கட்டிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, குனிவாள்.

"கழிச்சுச் சொல்லவா, காட்டுறதயே சொல்லவா?" என்று கேட்பாள். நிற்கிற பையன்கள் ஏதோ பகிடி என்று சிரிப்பார்கள். மச்சான் ஒரு நாளும் சிரித்து நான் பார்த்ததில்லை.

"காட்டுறதயே சொல்லு புள்ள" என்பார், ஒவ்வொரு தடவையும்.